ஐந்து கன்சோல்களும் பின்னறையும்

ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.40. வீடியோ கேம் கன்சோல்கள் ஐந்து. கன்ட்ரோலர்கள் ஒன்பது, அதில் வேலை செய்பவை ஆறு. அடாப்டர்கள் நான்கு. எதற்கு என்று தெரியாத வயர்கள் பதினேழு.

அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலம் இல்லை. நீயும் அத்தானும் நலம் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்றது. அதனால் கடிதம். பள்ளிக்கூடத்தில் விடுமுறை விண்ணப்பம் எழுதியதற்குப் பிறகு நான் பேனா பிடித்து எழுதும் முதல் கடிதம் இதுதான். எழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மேலே உள்ள கணக்கு உன் பின்னறைப் பரணில் எடுத்தது. அந்த அறை எனக்கு வேண்டும். கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தராசு சரிபார்க்கும் வேலை தொடங்கப் போகிறேன். நகைத் தராசு என்றால் காற்று அசையக் கூடாது, தரை அதிரக் கூடாது. முன்னறையில் பஸ் போனாலே மூன்றாவது தசம இலக்கம் ஆடுகிறது. சமையலறையில் அம்மா இருக்கிறாள். அதைவிடப் பெரிய அதிர்வு கிடையாது. பின்னறையில் மூன்று நாள் தராசை வைத்துப் பார்த்தேன். இலக்கம் செத்தது போல நிற்கிறது. வீட்டில் வேறு இடமே இல்லை.

ஆகவே கேள்வி ஒன்றுதான். ஐந்தில் எது உனக்கு வேண்டும்? நாம் வைத்த பெயர்களிலேயே எழுதுகிறேன்.

டூப்பு: அப்பா சந்தையில் வாங்கி வந்தது. கார்ட்ரிஜில் 9999 விளையாட்டு என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு. மற்றதெல்லாம் அதே பதினான்குக்கு வேறு பெயர்.
சாம்பல்: நீ கார்ட்ரிஜை ஊதி ஊதி ஓட்டியது. ஊதியதால் பயன் எதுவும் இல்லை. எச்சில் பட்டு உள்ளே பச்சை பிடித்திருக்கிறது.
எருமை: ஓடுகிறது. நாற்பது நிமிஷத்தில் தோசைக்கல் சூடு.
வாள்வீசி: கையில் பிடித்து வீசும் குச்சி இரண்டும் உள்ளன. டியூப்லைட்டை உடைத்தது நீ என்பதைப் பதிவு செய்கிறேன்.
பல்லி: பச்சை உறை, கைக்குள் அடங்குவது. ஒலி இல்லை. படம் வருகிறது.

பிப்ரவரி 28 வரை நேரம் இருக்கிறது. பதில் போடு.

ஸ்பேனர்


பிப்ரவரி 6

அன்புள்ள ஸ்பேனருக்கு,

அக்கா ஆசிகள். நான் நலம். அம்மாவுக்கு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் போதாது, டாக்டரிடம் காட்டு. நீ டாக்டர் இல்லை, தராசுக்காரன்.

உன் கடிதம் சுற்றி வளைத்து இருபத்து நான்கு நாள் கழித்து என் கைக்கு வந்தது. இனி வேலையிடத்து முகவரிக்கே எழுது, உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். லென்ஸ் தேய்க்கும் பிரிவு என்று போட்டால் போதும். போன் வேண்டாம். இங்கே உள்ளே போகும்போதே வாசலில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். திரும்பி வந்து அறையில் பேசினால் நாலு பேர் காதில் விழுகிறது. புது நம்பர் பிறகு தருகிறேன்.

சொந்தத் தொழில் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், சந்தோஷத்தில்தான். பத்து வயதில் வீட்டில் இருந்த அத்தனை டப்பாவிலும் எத்தனை கிராம் என்று சீட்டு ஒட்டியவன் நீ. சர்க்கரை டப்பாவில் மட்டும் தினமும் ஏழு கிராம் குறைகிறது என்று அம்மாவிடம் என்னைக் காட்டிக் கொடுத்தாய்.

கன்சோல்களைப் பற்றிக் கேட்டாய். நீ எழுதிய பட்டியலைப் படித்தால் பிரேதப் பரிசோதனை மாதிரி இருக்கிறது. எருமைக்கு மெமரி கார்டு இல்லாத கோடை உனக்கு நினைவிருக்கிறதா? அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்து. அதனால் பதினோரு நாள் நான் அதை அணைக்கவே இல்லை. சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டி, மேலே பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தேன். கடைசிக் கோட்டைக்கு முந்தின கோட்டை வரைக்கும் போய்விட்டேன். பன்னிரண்டாம் நாள் நீ வந்து பிளக்கைப் பிடுங்கி உன் சால்டரிங் அயர்னைச் செருகினாய். நான் கத்தவில்லை. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீ அதைக் கவனிக்கவும் இல்லை.

அறையை இப்போதே காலி செய்யாதே. அவசரம் என்ன? என் கட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறதா? ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா?

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

இங்கே நலம். டாக்டர் பார்த்தாகிவிட்டது. முழங்காலில் நீர் கோத்திருக்கிறதாம். நலமா என்று கேட்பதை ஒவ்வொரு முறையும் எழுதாமல் ‘மேற்படி’ என்று போடலாமா?

நான் கேட்ட கேள்வி ஒன்று. உன் கடிதத்தில் அதற்குப் பதில் பூஜ்யம். பதிலுக்கு நீ கேட்டவை இரண்டு. கட்டில் இருக்கிறது, கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறேன். கொக்கி விழுவதில்லை, ஜன்னலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன். காற்று வரக் கூடாது என்பதால் அந்த ஜன்னலை எப்படியும் நிரந்தரமாக அடைக்கப் போகிறேன்.

சால்டரிங் அயர்ன் விவகாரம் எனக்கு நினைவில்லை. செய்திருப்பேன். பதினோரு நாள் ஓடினால் அந்த அடாப்டர் உருகியிருக்கும், ஒரு வகையில் நான் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறேன்.

அந்தப் பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“எனக்குத் தெரியாதா? தூசி தட்டும்போது புஸ்தகமெல்லாம் இட்லி மாதிரி சுட்டுது” என்றாள்.

“அப்போ ஏம்மா கேக்கல?”

“கேட்டா நிறுத்திடுவா. கரன்ட் போயிடக் கூடாதேன்னு நானும்தான் பயந்துகிட்டு இருந்தேன், பதினோரு நாளும்.”

பிறகு உன் கட்டில் கேள்வியையும் படித்தேன். “கட்டில் இருக்கான்னு அவ கேட்டா, இருக்குன்னு சொல்லு. கழட்டினேன், சாத்தினேன்னு எதுக்குடா கதை?” என்றாள். கேட்டதற்குச் சரியான பதில் கொடுத்தால் இந்த வீட்டில் அது கதை.

உன் அறையில் நாலு பேர் யார்? அத்தான் வீட்டு ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள் போல. வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள் என்று நேராகக் கேள். உனக்கு அந்தத் தைரியம் கிடையாது, எனக்குத் தெரியும்.

தேதியை மார்ச் 31-க்குத் தள்ளியிருக்கிறேன். கம்பெனியில் மார்ச் கடைசியோடு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பின்வாங்க முடியாது. பெஞ்ச் செய்யச் சொல்லியாகிவிட்டது. கல் மேடை, எண்பது கிலோ.

எந்தக் கன்சோல்?

ஸ்பேனர்


மார்ச் 22

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நான் நலம். மேற்படி என்றெல்லாம் போடாதே, நலமா என்றே எழுது. காகிதம் உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்ன? (ஆமாம் என்று பதில் எழுதாதே.)

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இரண்டு வாரமாக ஓவர்டைம். ஒரு நாளைக்கு முந்நூறு லென்ஸ் பார்க்கிறேன். கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் கண் முன்னால் இல்லாத கீறலெல்லாம் தெரிகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். ஐந்தில் எனக்குப் பிடித்தது பல்லி. உனக்கு எருமை என்று தெரியும். டிவியில் பெரிதாகத் தெரிய வேண்டும், சத்தம் வர வேண்டும், நீ ஜெயிப்பதைப் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல்லிக்கு டிவி வேண்டாம். யாரிடமும் ரிமோட் கேட்க வேண்டாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஆடினால் ஒரு ஆள் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. அதில் அந்தச் செங்கல் அடுக்கும் ஆட்டம் ஒன்று உண்டே, அதில் என்னுடைய உச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம். ஒலி இல்லை என்று குறை சொல்லியிருந்தாய். அதைப் பிடுங்கி விட்டதே நான்தான். உள்ளே ஒரு சின்ன வயர், ஊக்கு வைத்து நெம்பினேன். உனக்கு மட்டும்தான் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்று நினைக்காதே.

ஆனால் எதையும் அனுப்பாதே. பல்லியைக்கூட. இங்கே வைக்க இடமில்லை. நான் சொல்வது புரிகிறதா? அனுப்பாதே.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்ததே, லென்ஸ் அங்கேயே வெட்டுவார்களே, இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். பின்னறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதையும் பார்த்து எழுது.

ஜன்னலை அடைக்கிற வேலையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடு.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

நலம். நலமா?

நீ முடிவு எடுக்க மாட்டாய் என்று தெரிந்துவிட்டது. ஆகவே நான் எடுத்துவிட்டேன். ஐந்து கன்சோல்களையும் உனக்கே அனுப்பியிருக்கிறேன். ‘அனுப்பாதே’ என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய். ஒரு முறை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். மூன்று அறை உள்ள வீட்டில் ஒரு பெட்டிக்கு இடமில்லை என்றால் யார் நம்புவார்கள்? எனக்குப் பிடித்த எருமையை நீ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தயங்குகிறாய், அவ்வளவுதான். எடுத்துக்கொள். எனக்கு இனி விளையாட நேரமில்லை.

பார்சல் எடை 14 கிலோ 620 கிராம். பார்சல் ஆபீஸ் தராசு 14 கிலோ 700 காட்டியது. அது தப்பு என்று சொல்லி அரை மணி நேரம் வாதாடினேன். எடைக்கல்லை எடுத்து வைத்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தராசுதான் எனக்கு முதல் வேலை, அடுத்த வாரம் சரிசெய்யப் போகிறேன்.

பத்துக் கிலோவுக்கு மேல் என்றால் வேலையிடத்தில் கொடுக்க மாட்டார்களாம். வீட்டு முகவரி கட்டாயம், வீட்டில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். அதனால் வீட்டுக்கே அனுப்பினேன். அத்தான் வாங்கி வைப்பார்.

பின்னறை முடிந்தது. கட்டிலை அடுத்த வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய மாமியார் தரையில் படுத்திருந்தார்கள், உபயோகப்படட்டும். வியாழக்கிழமை காலை பெஞ்ச் வந்தது. நாலு ஆள் தூக்கினோம். நாலு போல்ட் போட்டுத் தரையோடு இறுக்கினேன். ஜன்னலைப் பலகை அடித்து மூடியாகிவிட்டது. உள்ளே நின்று கதவைச் சாத்தினால் காதுக்குள் பஞ்சு வைத்தது போல இருக்கிறது. தராசில் ஒரு தலைமுடியை வைத்தேன். அதற்கும் எடை காட்டியது.

கண்ணாடிக் கடை இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை. தராசு வைக்கிற அறைக்கு உள் தாழ்ப்பாள் எதற்கு?

உன் பிரச்சினையும் தீர்ந்தது, என்னுடையதும் தீர்ந்தது.

ஸ்பேனர்


ஏப்ரல் 19

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது.

பெஞ்ச் நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். தலைமுடிக்கு எடை காட்டும் தராசு என்றால் ஊரெல்லாம் உன்னைத் தேடி வரும். முதல் வேலையே சண்டை போட்டு வாங்கியிருக்கிறாய், இனி பயமில்லை.

பார்சலை நடுவழியில் நிறுத்தித் திருப்பி எடுக்க முடியுமா? முடியாது என்றால் பரவாயில்லை.

தையல்காரர் மாமியாருக்குக் கட்டில் உயரம் சரியாக இருக்கிறதா? அந்தக் கட்டிலில் இடது பக்கக் கால் கொஞ்சம் குட்டை, அட்டை மடித்து வைக்கச் சொல்.

அம்மாவை நடக்க வை.

அக்கா


மே 3

அக்காவுக்கு,

நலம். நலமா?

பார்சலை நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. ஏப்ரல் 21, பகல் 12.15-க்கு அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பதாகப் பதிவு சொல்கிறது. பன்னிரண்டு நாள் ஆகிறது. கிடைத்தது என்று ஒரு வரி உன்னிடமிருந்து வரவில்லை. பரணில் போட்டுவிட்டீர்களா?

முதலில் எருமையைத்தான் போடு. தரையில் வைக்காதே, அடியில் நாலு பாட்டில் மூடி கொடு, காற்று போகும். சாம்பலை நான் சுத்தம் செய்துவிட்டேன், ஊதாதே. பல்லிக்கு ஒலி வயரைத் திரும்ப ஒட்டிவிட்டேன். ஊக்கு வைத்து நெம்பியதில் பக்கத்துப் பாதையையும் கிழித்திருந்தாய். முடியளவு கம்பி வைத்து இணைத்தேன். இரண்டு மணி நேர வேலை. இப்போது நன்றாகக் கத்துகிறது.

வாள்வீசியை அத்தானோடு ஆடு. அவருக்கு எந்த விளையாட்டு பிடிக்கும்? கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது, அவருக்கு எது பிடிக்கும் என்று நீ ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

தொழில் பரவாயில்லை. நகைக்கடைகள் மூன்று பேசியிருக்கின்றன. மூட்டைத் தராசு வேலைகளும் வருகின்றன. அவற்றை வேண்டாம் என்கிறேன். லாரியில் ஏறி இறங்கிக் கொண்டிருந்தால் நுணுக்க வேலை எப்போது செய்வது?

உன் பழைய அறையைப் பார்க்கும் யாரும் அதை அறை என்று சொல்ல மாட்டார்கள்.

ஸ்பேனர்


ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.10

அக்காவுக்கு,

என் மே 3 கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக மே 29 அன்று பார்சல் திரும்பி வந்தது. பெட்டி மட்டும் 14 கிலோ 620. நான் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மேலே அத்தான் கையெழுத்தில் ஒரு சீட்டு. அப்படியே எழுதுகிறேன்:

‘தம்பிக்கு. உங்கள் அக்கா டிசம்பரிலிருந்து இங்கே இல்லை. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் ஜனவரியில் வந்த கடிதத்தை அவள் வேலையிடத்துக்குத் திருப்பி அனுப்பினேன். பெட்டியை நான் பிரிக்கவில்லை. அவளுடைய இரண்டு புத்தகங்கள் இருந்தன, பெட்டியின்மேல் கட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.’

சீட்டு வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் நான் உன் கடிதங்களை வரிசையாகப் பெஞ்ச்மேல் வைத்து, பழுதான தராசைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இருபத்து நான்கு நாள் சுற்றி வந்த கடிதம். நாலு பேர் உள்ள அறை. கட்டில். கொக்கி. தாழ்ப்பாள். கண்ணாடிக் கடை. அனுப்பாதே, இரண்டு முறை. எல்லாமே எழுத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு நான் முழுசாகப் படித்துக் காட்டியது ஒரே ஒரு கடிதத்தில் இரண்டு பத்தி. அதிலேயே அவளுக்கு ஏதோ பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை. நான் உனக்கு எழுதியது என்ன தெரியுமா? ‘உன் பிரச்சினை தீர்ந்தது.’

அம்மாவிடம் சீட்டைக் காட்டவில்லை. பெட்டியைப் பார்த்து “என்னடா திரும்பி வந்திருக்கு?” என்றாள். “அட்ரஸ் தப்பு” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா அட்ரஸ் தப்பா எழுதினே? சரி” என்று உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஆள் நான்தான் போல.

நேராகக் கேட்கிறேன். எங்கே தங்கியிருக்கிறாய்? எத்தனை நாள் அங்கே இருக்க முடியும்? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் போடு.

ஸ்பேனர்


ஜூன் 21

அன்புள்ள ஸ்பேனருக்கு,

நான் நலம். இது பொய் இல்லை. டிசம்பரில் எழுதியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

டிசம்பர் 19 முதல் பெண்கள் விடுதியில் இருக்கிறேன், முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. மூன்றாவது மாடி, அறையில் நாலு கட்டில், ஜன்னல் ஒன்று. ஜன்னல் பக்கத்துக் கட்டில் ஒரு பல் டாக்டர் உதவியாளருடையது. அவள் கல்யாணமாகிப் போனால் அடுத்து எனக்கு என்று பேச்சு. அவள் மாப்பிள்ளையை ஒவ்வொருவராக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், நாங்கள் மூன்று பேரும் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அலமாரியில் எனக்கு ஒரு தட்டு. 14 கிலோ பெட்டி ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஜூலை 31 வரை இருக்கலாம். கட்டடத்தில் விரிசல் விட்டு இடிக்கப் போகிறார்கள். எல்லாரையும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். தனியாக ஒரு பெண் என்றதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டால் உனக்கே கேள்வி மேல் வெறுப்பு வந்துவிடும்.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நினைப்பாய். உன் முதல் கடிதத்துக்கு நாலு பதில் எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் உன் தராசை நான் தட்டிவிடுவது போலவே வந்தது. வேறு இடமே இல்லை என்று எழுதியிருந்தாய். நீ அப்படி எழுதினால் அளந்து பார்த்துத்தான் எழுதியிருப்பாய். அதனால் கட்டில், கொக்கி என்று சுற்றிச் சுற்றி வந்தேன். நீயாகவே ஏதாவது கேட்பாய் என்று பார்த்தேன். ஏப்ரலில் நாலு போல்ட் என்று படித்த அன்று, சரி முடிந்தது என்று மடித்து வைத்துவிட்டேன். கோபமில்லை. உண்மையாகவே இல்லை.

இப்போதும் சொல்கிறேன், பெஞ்சை அவிழ்க்காதே. மரியாதைக்குச் சொல்லவில்லை. நீ வேலையை விட்டுவிட்டாய். மூன்று நகைக்கடை வந்திருக்கிறது. அது நின்றால் அம்மாவும் சேர்ந்து கஷ்டப்படுவாள். எனக்கு எங்கேயாவது ஒரு கட்டில் கிடைக்கும்.

அத்தான் கெட்டவர் இல்லை. இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத மாட்டேன். ஏன் விட்டு வந்தாய் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதே. அம்மாவிடம் நானே சொல்கிறேன். எப்போது, எப்படி என்று தெரியவில்லை.

பல்லியின் ஒலியைச் சரிசெய்துவிட்டாயா? யார் கேட்டார்கள் உன்னை?

அக்கா


ஜூன் 30, செவ்வாய்க்கிழமை, மாலை 5.25

அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம், பஸ் நிறுத்தம் வரை கம்பு இல்லாமல் நடக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? இந்த முறை இதைக் கேள்வியாகவே எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. நீ நான் அளந்ததை நம்பியிருக்கிறாய். தப்பு. நான் அளந்தது நகைத் தராசுக்கு எந்த இடம் என்று. தராசு வேலைக்கு எந்த இடம் என்று அளக்கவில்லை. அன்று மத்தியானமே அதைச் செய்தேன். மாடிப்படிக்கு அடியில், பழைய சைக்கிள் கிடந்த இடத்தில், மேடை போட்டுத் தராசை வைத்துப் பார்த்தேன். மேலே யாராவது ஏறி இறங்கினால் ஒரு கிராம் ஆடுகிறது. நகைக்கு அது ஆகாது. மூட்டைத் தராசுக்கும் மளிகைத் தராசுக்கும் தாராளம். நகைக்கடைகள் மூன்றுக்கும் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒருத்தர் காரணம் கேட்டார். “ரூமுக்கு ஆள் வர்றாங்க” என்றேன். “வாடகைக்கா?” என்றார். “இல்ல, அவங்க ரூம்தான்” என்றேன். வேண்டாம் என்று விட்ட மூட்டைத் தராசு ஆட்களிடம் திரும்பப் போய்ப் பேசினேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சரி என்றார். நுணுக்க வேலை பிடித்த வேலைதான். அது இல்லாமலும் சாப்பிடலாம்.

பெஞ்சை அவிழ்க்காதே என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தில் நான் கேட்கப் போகாத வரி அது ஒன்றுதான். இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை ஆறு மணிக்கு நாலு போல்ட்டையும் கழற்றுவேன். தரையில் விழும் நாலு ஓட்டையையும் சிமென்ட் வைத்து அடைப்பேன். ஜன்னல் பலகையைப் பிரித்துக் கொக்கியை மாற்றுவேன்.

2. தையல்காரரிடம் கட்டிலைத் திரும்பக் கேட்க மாட்டேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன், மாமியார் அதில் நன்றாகத் தூங்குகிறார்கள். வேறு கட்டில் செய்யச் சொல்லியிருக்கிறேன். நாலு காலும் ஒரே உயரம் இருக்கும், நானே அளப்பேன்.

3. கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போடுவேன். எதற்கு என்று கேட்க மாட்டேன்.

4. கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸ் பார்க்க ஆள் வேண்டும் என்கிறார். தினமும் முந்நூறு பார்ப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். போவதும் போகாததும் உன் இஷ்டம்.

5. அம்மாவிடம் ‘அக்கா வருகிறாள்’ என்று இரண்டே வார்த்தை சொல்வேன். மற்றதை நீ சொல். சொல்லாவிட்டாலும் சரி, அவள் கேட்க மாட்டாள். கேட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று அவளுக்குத் தெரியும்.

6. ஜூலை 18, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு இரண்டு காலிப் பைகளோடு உன் விடுதி வாசலில் நிற்பேன். வராதே என்று எழுதுவதானால் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுது.

7. திரும்பி வரும் ரயிலில் ஏன், எதற்கு, எப்போது என்று உன்னை ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டேன். பயணம் முப்பத்தொரு மணி நேரம். நான் இதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்த அதிகபட்ச நேரம் நாற்பது நிமிஷம், அதுவும் பல் பிடுங்கியபோது. முயற்சி செய்வேன்.